புது கிளட்ச்சும் டவுன் பஸ்ஸும்

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேடவேண்டாம். இந்தக் கதையில் குருவுக்கு முப்பது வயது. பெயர் ஷெர்லி. போத்தனூரில் கார் ஷெட் நடத்துகிறாள். காரைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு வளைவெடுக்கும் டிரிஃப்ட் பந்தயத்தில் கோயமுத்தூர்ப் பக்கம் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சீடர் தண்டபாணிக்கு நாற்பத்தைந்து வயது, வெட் கிரைண்டர் கடை முதலாளி. அவள் அவரை அண்ணா என்பாள். அவர் அவளை மாஸ்டர் என்பார். இதில் இரண்டு பேருக்கும் கூச்சம் இல்லை.

டிரிஃப்டில் ஜோடி ஓட்டம் என்று ஒன்று உண்டு. இரண்டு கார்கள் ஒன்றையொன்று உரசாமல், ஆனால் ஒட்டினாற்போல், ஒரே வளைவில் சேர்ந்து வழுக்கவேண்டும். மாஸ்டரோடு ஒருமுறையாவது ஜோடி ஓடிவிட வேண்டும் என்பது தண்டபாணியின் பல வருட ஆசை. மருதமலையில் போய் நின்றால்கூட அதைத்தான் வேண்டிக்கொள்வார். முருகனுக்கே சலித்திருக்கும்.

வேண்டுதல் பலித்தது. வழக்கமாக ஷெர்லியோடு ஓடுகிறவன் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டான்.

"அடுத்த மாசம் பந்தயத்துக்கு நீங்க வாங்ணா," என்றாள்.

தண்டபாணி அன்று சாயங்காலமே வண்டியைக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டார்.

"வளைவுக்குள்ள போனா இன்ஜின் கத்துதுங்க மாஸ்டர். சக்கரத்துக்குப் பலம் போய்ச் சேரமாட்டேங்குது."

"கிளட்ச் தேஞ்சுபோச்சு. நழுவுது."

"ரேஸ் கிளட்ச் போட்டுறலாமுங்களா?"

"போடலாம்."

"ஃபிளைவீலும் மாத்திக்கலாமுங்களா? எடை கொறஞ்சதா ஒண்ணு வாங்கி வெச்சிருக்கறேன்."

"வாங்கி வெச்சுட்டுத்தான் கேக்கறீங்களா?"

தண்டபாணி அசடு வழிந்தார்.

கியர்பாக்ஸை இறக்கி இரண்டையும் மாற்றினார்கள். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் இரும்புச் சக்கரம்தான் ஃபிளைவீல்; பழையது ஆட்டுக்கல் கனம். புதியதைத் தண்டபாணி ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். வண்டியில் உட்கார்ந்ததும் சிரிப்பு போயிற்று. இன்ஜின் தொட்டால் சீறியது, விட்டால் படுத்தது. கிளட்ச் அதற்கு மேல். காலைக் கொஞ்சம் எடுத்தால் பிடிக்கவே இல்லை. இன்னும் ஒரு நூல் எடுத்தால் வெடுக்கென்று பிடித்து வண்டியைத் தூக்கிப் போட்டது.

"என்னங்க மாஸ்டர் இது, இப்படி மொரண்டு பண்ணுது?"

"பழகணும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க. அதுவரைக்கும் டிரிஃப்ட் அடிக்கவே கூடாது."

"எங்க ஓட்டட்டும்?"

ரோட்டில் காந்திபுரம் டவுன் பஸ் ஒன்று நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. ஷெர்லி கையிலிருந்த ஸ்பேனரால் அதைக் காட்டினாள்.

"அது பின்னாடி போங்க. அது நின்னா நில்லுங்க. அது கிளம்புனா கிளம்புங்க."

"ஏனுங் மாஸ்டர், ரேஸ் வண்டியை டவுன் பஸ் பின்னாடியா?"

"ஆமாங்ணா."

குரு சொன்னால் மறுபேச்சு உண்டா? போனார். முதல் ஸ்டாப்பிலேயே வண்டி அணைந்தது. அடுத்த ஸ்டாப்பில் திமிறி, பஸ்ஸின் முதுகில் முட்டப் பார்த்து, அணைந்தது. உக்கடத்தில் பச்சை விளக்கு விழுந்தும் நகராமல் நின்றபோது பின்னால் இருந்தவர்கள் ஹாரனிலேயே திட்டினார்கள். பஸ்ஸின் கடைசி சீட்டில் அவர் கடை வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"என்னங் மொதலாளி, தள்ளி உட்டாத்தான் போகுமா? கிரைண்டர் மோட்டாரைக் கழட்டி மாட்டிட்டீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. தண்டபாணியின் மானம் கப்பலேறியது. காதெல்லாம் எரிந்தது அவருக்கு. நல்லவேளை, அவர் மனைவி அந்தப் பக்கம் வருவதில்லை.

மறுநாள் விடிகாலையில் வண்டியை எடுத்தார். பஸ் போகும் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பைபாஸுக்கு விட்டார். கிலோமீட்டர் எங்கே ஓடினாலும் கிலோமீட்டர்தானே? காலியான ரோடு, ஜில்லென்று காற்று. வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று. முரண்டு பிடித்த வண்டியா இது என்று அவருக்கே ஆச்சரியம். தினமும் போனார். பந்தயத்துக்கு முந்தின வியாழக்கிழமை கணக்கு முடிந்தது. பழனி பஞ்சாமிர்த டப்பாவோடு ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"ஓட்டியாச்சுங்க மாஸ்டர். மீட்டரைப் பாருங்க."

ஷெர்லி மீட்டரைப் பார்க்கவில்லை. "கால் எப்படிங்ணா இருக்குது?"

"காலுக்கு என்னங்க, கல்லு மாதிரி இருக்குது."

அவள் எழுந்து போய் வண்டிக்கு முன்னால் நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஷெட்டின் சுவர். முழங்காலுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

தண்டபாணி ஏறி உட்கார்ந்து பண்ணினார்.

"ஒரு ஜாண் முன்னாடி வாங்க."

"மாஸ்டர், தள்ளி நில்லுங்க."

"ஒரு ஜாண் போதும். வாங்ணா."

தண்டபாணி முதல் கியரைப் போட்டார். காலை மெல்ல எடுத்தார். வண்டி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் எடுத்தார். அசையவில்லை. அடுத்த நூல் எங்கே இருக்கிறது என்று அவர் காலுக்குத் தெரியவில்லை. ஷெர்லி கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் முகத்தில் பயம் இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குத்தான் பயம் கூடியது. வண்டி ஒருமுறை உதறியது. ஐயோ என்று கிளட்ச்சை அடிவரை மிதித்துச் சாவியைத் திருகி அணைத்துவிட்டார்.

"என்னால ஆகாதுங்க. உங்க கால்ல ஏறிருச்சுன்னா?"

"ஞாயித்துக்கிழமை பந்தயத்துல என் கார் கதவு இதைவிடப் பக்கத்துல இருக்குமுங்ணா."

தண்டபாணி இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்தத் தடவை ஜோடி ஓட உக்கடம் ஷெட் நவ்ஷாத்தைக் கூப்பிட்டுக்கறேன்," என்றாள் ஷெர்லி. கோபம் எதுவும் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரல்தான்.

எத்தனை வருட ஆசை! பஞ்சாமிர்த டப்பாவைப் பெஞ்சில் வைத்தார். வருத்தம் வந்த சூட்டோடு ரோஷமும் வந்தது.

"மாஸ்டர், நான் பொய் சொல்லல. ஐந்நூறு கிலோமீட்டர் சொளையா ஓட்டியிருக்கறேன். பைபாஸ்ல ஓட்டுனேன், அது ஒண்ணுதான் குத்தம்."

"எங்கயாச்சும் நின்னீங்களா?"

"டோல்கேட்டைத் தவிர எங்கயும் நிக்கலீங்க. டாப் கியர் போட்டதோட சரி, அப்புறம் கிளட்ச்சை மிதிக்கவே இல்லீங்க."

ஷெர்லி ரோட்டைப் பார்த்தாள். வெளியே டவுன் பஸ் வந்து நின்று, ஆளை இறக்கி, ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போயிற்று.

"அப்ப நான் ஓட்டுன ஐந்நூறு?" என்றார் தண்டபாணி.

"வண்டி ஐந்நூறு ஓடிருச்சுங்ணா. கிளட்ச் இன்னும் ஷெட்டை விட்டே கிளம்பல."