தொட்டிச் சுவர்

“எனக்குக் காவி கொடுத்துருங்கம்மா. இனி வீட்டுக்குப் போகமாட்டேன்.”

பேச்சிமுத்து கோடையில் மடத்துக்கு வந்த நாளிலிருந்து இதே பல்லவிதான். வீட்டில் அவன் மனைவி இசக்கிக்கு இப்போது நிறைமாதம்.

மடத்துத் தலைவி வடிவம்மை அவனைவிட வயதில் இளையவர். பேச்சில் மகா கஞ்சம்.

“இன்னைக்கு என்ன?” என்றார்.

“சமையல்கார அண்ணாச்சி மேல கை ஓங்கிட்டேன்.”

சமையல்காரர் பூலோகம் காய்ச்சலில் கிடந்தார். கஷாயம் கொண்டுபோனவனிடம் “கசக்குது” என்று முகம் சுளித்தார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். ஓங்கிய கையைச் சட்டென்று இறக்கிக்கொண்டு பேச்சிமுத்து இங்கே ஓடிவந்திருந்தான்.

“எங்கப்பாவும் இப்படித்தான்மா. அகப்பையால அம்மா நெத்தியப் பொளந்தவரு. நான் அன்னைக்கு இசக்கிய நோக்கிச் சோத்துத் தட்டை வீசுனேன். குனிஞ்சா, தப்பிச்சா. மறுநாளே இங்க ஓடியாந்துட்டேன். கோடை பூரா கோவமே வரல. வத்திப்போச்சுன்னுல்லா நெனச்சேன். ரத்தத்துல இருக்கும்மா. பொறக்கப்போற பிள்ளைக்கும் வரும்.”

அழுதுவிட்டான். வடிவம்மை அழ விட்டார்.

பிறகு, “பூலோகத்துக்கு என்ன காய்ச்சல்?” என்றார்.

“டெங்குன்னு நர்ஸம்மா சொன்னாங்க.”

“எங்கேருந்து வந்துது?”

அதுதான் அவனுக்கும் புரியவில்லை. பூலோகம் மடத்தை விட்டு வெளியே போகவில்லை. காய்ச்சல்காரர் எவரும் உள்ளே வரவில்லை. கொல்லைப்புறக் கல்தொட்டி அவன் பொறுப்பு. வந்த அன்றே தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டான். கோடை முழுக்கத் தொட்டி கருவாடாய்க் காய்ந்து கிடந்தது. மழையில் நிறைந்து சில வாரம் கழித்துப் பார்த்தால், கொசுப்புழு நெளிந்தது. நேற்றுதான் மறுபடியும் கொட்டினான்.

“நோயாளியக் கடிச்சாத்தானேம்மா கொசுவுக்குக் கிருமி வரும்?”

“பெரும்பாலும் அப்படித்தான். சில சமயம் தாய்க்கொசு முட்டைலயே வச்சுட்டுப் போயிரும். மாசக்கணக்கா காஞ்சு கெடந்தாலும் முட்டை சாகாது. தண்ணி பட்டா பொரிக்கும். அந்தக் கொசு யாரையும் கடிக்கிறதுக்கு முன்னாலயே கிருமியோட இருக்கும்.”

பேச்சிமுத்துவுக்கு முகம் செத்துப்போனது.

“அதத்தானம்மா நானும் சொல்லுதேன். பெத்தவங்க வச்சுட்டுப் போனது. தப்ப முடியாது.”

“எல்லா முட்டைலயும் வைக்காது.”

“எனக்கு வச்சுட்டாங்களே.”

“முட்டை எங்க இருந்துது?”

“தொட்டியில.”

“தண்ணியிலயா?”

“தண்ணியத்தான் நான் கொட்டிட்டேனே...” என்றவன் நிறுத்திக்கொண்டான்.

எழுந்து கொல்லைக்குப் போனான். முன்பு தண்ணீர் நின்ற மட்டத்தில் தொட்டிச் சுவரை விரலால் வழித்தான். கரும்பொடியாக முட்டை ஒட்டிக்கொண்டு வந்தது.

வடிவம்மை பின்னால் நின்றார்.

“இதத் தேய்ச்சியா?”

“இல்லம்மா. தண்ணி இல்லையேன்னு விட்டுட்டேன்.”

ஒரு பிடி தேங்காய் நாரை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பேச்சிமுத்து தொட்டிக்குள் இறங்கித் தேய்த்தான். விரல் தோல் உரிந்தது. நடுவில் எழுந்துபோய்ப் பூலோகத்துக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்து, மன்னிக்கச் சொல்லிக் கும்பிட்டான்.

“இது கசக்கல” என்றார் பூலோகம்.

பொழுது சாயும்போது வடிவம்மை வந்தார். கையில் மடித்த காவித் துணி இருந்தது.

பேச்சிமுத்து சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“முழுசாப் போயிருக்குமாம்மா?”

“தெரியாது. அடுத்த வாரமும் தேய்க்கணும்.”

“அதுக்கடுத்த வாரம்?”

“அப்பவும்.”

காவியை நீட்டினார். அவன் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். துணியை வாங்கவில்லை.

“அது இருக்கட்டும்மா. இந்த நாரை நான் எடுத்துக்கிடட்டுமா?”

“எதுக்கு?”

“எங்க வீட்டுலயும் ஒரு தொட்டி இருக்கு. இசக்கியால இப்ப குனிய முடியாது.”