பன்னிரண்டு ஜன்னலும் ஒரு கணப்புச் சட்டியும்

முன்னொரு காலத்தில், போர்வைக்கு வெளியே மூக்கை நீட்டினால் மூக்கு விறைத்துப்போகும் மலைநாடு ஒன்று இருந்தது. அந்நாட்டு அரசர் ஆசை ஆசையாகப் புது மண்டபம் கட்டினார். அதற்குப் பன்னிரண்டு பெரிய ஜன்னல்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். பார்த்துப் பூரித்துக்கொண்டிருக்கும்போதே மார்கழி வந்தது. அரசரின் பல்லோடு பல் தாளம் போட்டது.

பிரதானி தாண்டவராயர் கோலும் கையுமாக வந்து தரையை அளந்தார்.

"பழைய கூடத்தைப்போல் இது எட்டு மடங்கு, அரசே! எட்டு மடங்கு தரைக்கு எட்டு மடங்கு அடுப்பு. காலங்காலமாக இதுதான் கணக்கு."

யானை படுக்கும் அளவுக்கு அடுப்பு கட்டினார்கள். வண்டி வண்டியாக விறகு எரிந்தது. பக்கத்தில் நின்றவருக்கு மீசை பொசுங்கியது. நாலடி தள்ளி நின்றவருக்குக் கால் மரத்தது.

"அடுப்பு போதவில்லை. இன்னொன்று கட்டுவோம். விறகுக்கு அரண்மனைத் தோப்பை வெட்டலாம்" என்றார் தாண்டவராயர்.

அரசரின் முகம் வாடியது. அந்தத் தோப்பு அவருடைய தந்தை தம் கையால் நட்டது.

"என் தந்தையின் கூடத்தில் ஒரே ஒரு கணப்புச் சட்டிதான் இருந்தது. அதன் சாம்பலில் கிழங்கு சுட்டு, ஊதி ஊதி என் கையில் வைப்பார். அந்த வெதுவெதுப்பு எங்கே போயிற்று?" என்று பெருமூச்சு விட்டார். தோப்பை வெட்ட மனமில்லை. குளிரைத் தாங்க உடம்பில் தெம்பில்லை. பாவம், அரசராக இருந்தும் தவித்தார்.

அவையின் விகடன் கொண்டப்பன் எழுந்தான். "எங்கும் போகவில்லை, அரசே. ஒரே ஒரு சட்டியை வைத்து நாளை மாலையே வரவழைக்கிறேன். தோப்பில் கை வைக்க வேண்டாம்."

தாண்டவராயருக்கு வயிறு எரிந்தது. அந்த அனல் மண்டபத்துக்குக் கிடைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"செய்யட்டும், அரசே! ஆனால் மண்டபத்துக்குள் ஒரு செங்கல், ஒரு பலகை, ஒரு முழத் துணிகூடப் புதிதாக வரக்கூடாது. தோற்றால் தோப்பில் கோடரி விழும். கொண்டப்பன் மலையிறங்கிப் போய்விட வேண்டும்."

"அவையில் அன்றாடம் இருப்பவை இருக்கலாமா, பிரதானி?"

"தாராளமாக!"

மறுநாள் மாலை, மண்டபத்து அகல்விளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு கொண்டப்பன் சுற்றி வந்தான். ஒவ்வொரு ஜன்னலருகிலும் சுடர் துடித்து அணைந்தது.

"பிரதானி, நீங்கள் தரையை அளந்தீர்கள். பானையில் தண்ணீர் தங்கவில்லை என்றால் பானையையா அளப்பார்கள்? ஓட்டையை அல்லவா தேட வேண்டும்? இங்கே கதவில்லாத ஜன்னலாகப் பன்னிரண்டு ஓட்டை. அவையில் அன்றாடம் இருக்கும் பெரியவர்களும் பன்னிரண்டு பேர். ஜன்னலுக்கு ஒருவராக ஏறி, முதுகை வெளிப்பக்கம் காட்டி, போட்டிருக்கும் சால்வையை விரித்துப் பிடியுங்கள். பிரதானியின் உடம்புக்கு வடக்கு ஜன்னல்தான் பொருத்தம்."

அரசர் தலையசைத்துவிட்டார். மறுக்க முடியுமா? முணுமுணுத்தபடி ஏறினார்கள். பன்னிரண்டு ஜன்னலும் அடைபட்டன.

கொண்டப்பன் கணப்புச் சட்டியை அரசரின் காலருகே வைத்து, அணைந்த விளக்கை மறுபடி ஏற்றினான். சற்று நேரத்தில் அகல்விளக்கின் சுடர் ஆடாமல் நின்றது. இன்னும் சற்று நேரத்தில் அரசர் தம் கம்பளிச் சால்வையைக் கழற்றினார். கொண்டப்பன் சாம்பலைக் கிளறி ஒரு கிழங்கை எடுத்து, ஊதி, அவர் உள்ளங்கையில் வைத்தான்.

அரசருக்குக் கண் கலங்கியது. "என் தந்தையின் கூடத்தில் கையகல ஜன்னல் இரண்டுதான் இருந்தன. சட்டி நினைவிருந்தது, ஜன்னலை மறந்துவிட்டேனே!"

"அச்!" என்று வடக்கு ஜன்னல் தும்மியது.

அழுத கண்ணோடு அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். கழற்றிய சால்வையைக் கொண்டப்பனுக்குப் போர்த்தினார். கிழங்கைப் பிட்டுப் பாதியை அவனுக்குக் கொடுத்தார்.

"தோப்பில் இனி ஒரு கிளைகூட முறியாது. வேறென்ன வேண்டும், கேள்!"

"ஜன்னல்களுக்குக் கதவு போட்டால் போதும், அரசே."

"நாளைக்கே தச்சர்கள் வருவார்கள்!"

"அரசே, அதுவரை நாங்கள்..." என்று தாண்டவராயரின் குரல் நடுங்கியது.

அரசர் கிழங்கை மெதுவாக ஒரு கடி கடித்தார்.

"சற்றுப் பொறும், பிரதானி. கிழங்கு இன்னும் தீரவில்லை."