மண்டபத்தின் கோப்பு

"சுவிட்சைப் போடச் சொல்றவன் கையிலதான் முதல்ல வயரை..." என்று மின்வாரியத்தில் இருந்த பெரியப்பா ஏதோ சொல்வார். மீதி அமலதாசுக்கு மறந்துபோயிருந்தது.

அமலதாஸ் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த கம்பெனி, ஒரு நகராட்சிக்காகப் பதினொரு முன்பதிவு இணையதளங்களை நடத்தியது. நேரம், முகவரி, போனுக்குப் போகும் செய்தி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி செட்டிங்ஸ் கோப்பு. ஒன்பது வருடமாக அலுக்க அலுக்க அவற்றைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

கம்பெனிக்குப் புதிதாக வந்த இயக்குநர் வரதராஜுலு கூட்டத்தில் மேசையைத் தட்டினார். "எதுக்குய்யா பதினொண்ணு? கல்யாண மண்டபத்துக் கோப்பு ஜோரா ஓடுதுல்ல? அதையே எல்லாத்துக்கும் போடு. நாளைக்குள்ள முடியலன்னா உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன்."

"ஒவ்வொண்ணும் வேற வேற வேலை சார்."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

அமலதாஸ் பொதுமக்கள் பயன்படுத்தும் தளங்களில் கைவைக்கவில்லை. சோதனைப் பிரதியில் மட்டும், இடத்தின் பெயரை விட்டு மற்றதையெல்லாம் சொன்னபடி மாற்றிவைத்து, மறுநாள் கூட்டத்தில் கணினியை இயக்குநர் பக்கம் நகர்த்தினார்.

"முதல் பதிவை ஐயாதான் செய்யணும். எந்தத் தளத்தைத் திறக்க?"

"எல்லாம்தான் ஒண்ணாயிடுச்சே. ஏதாவது ஒண்ணைத் திறய்யா."

அமலதாஸ் ஒன்றைத் திறந்தார். வரதராஜுலு தன் பெயரையும் போன் எண்ணையும் அடித்தார். போன் சிணுங்கியது. எதையும் உரக்கப் படிப்பது அவர் வழக்கம்.

"திரு. வரதராஜுலு, மின் மயானத்தில் தங்கள் பதிவு உறுதியானது. மங்கல நாள் நல்வாழ்த்துகள்! மறுநாள் காலை காலி செய்து சாவியை ஒப்படைக்கவும். சுற்றம் சூழ மீண்டும் வருக!"

யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள்.

"பதினொண்ணும் அப்படியே இருக்கட்டும்யா," என்றார் வரதராஜுலு, போனைக் கவிழ்த்துவைத்து. "உனக்கு ரெண்டு வருஷம் புதுப்பிச்சிடலாம்."

அமலதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒரு வருடத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டார்.