காளியண்ணன் வாங்கின கயிறு

ஒரு ஊர்ல ஒரு சந்தை. அந்தச் சந்தையில கயித்துக் கடைக்குக் கூவுறவ பூவாத்தா. அவ வாயத் தொறந்தா மூணு ஊருக்குக் கேக்கும். ம் கொட்டு கண்ணு, இல்லேன்னா நான் நிறுத்திருவேன்.

"ம்."

"எமனோட எருமையையே கட்டிப் போடலாம், வாங்க"ன்னு கூவுவா. சனம் சிரிச்சுக்கிட்டே நாலு முழம் வாங்கும். அப்புறம், "மலையக் கட்டி வீட்டுக்கு இழுத்துட்டுப் போகலாம்"பா. அதுக்கும் சிரிப்பு. எவனாவது மலைய இழுக்கவா வாங்குனான்? ஒருத்தரும் ஏமாறல.

அப்போ ஒரு நாள் கடைக்காரர் சென்னியப்பன் என்ன பண்ணாரு, தண்ணி இறைச்சு இறைச்சுத் தேஞ்ச பழைய கயித்து மேல புது நாரச் சுத்தித் திரிச்சாரு. முனையப் பிடிச்சுக்கிட்டவளே பூவாத்தாதான். "கிணத்துல ஆள் இறங்கலாம்னு கூவு புள்ள. இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்"னாரு. வீட்ல சின்னதா மூணு வாய் காத்திருக்கே, கூவிட்டா. "புதுக் கயிறு, கிணத்துல ஆள் இறங்கலாம்."

இந்தத் தடவ ஒருத்தர்கூட சிரிக்கல. கிணறு தூர் வாருற காளியண்ணன் தலைய ஆட்டிட்டு வாங்கிட்டுப் போனாரு. பின்னாலயே இன்னொருத்தரும் வாங்கினாரு. அன்னிக்கு ராத்திரி பூவாத்தா கண்ணே மூடல. தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

விடிஞ்சதும் காளியண்ணன் தூர் வாருற கிணத்துக்குத் திடுதிடுன்னு ஓடினா. அங்க போனா, காளியண்ணன் பாதிக் கிணத்துல தொங்கறாரு! மேல அவரு சம்சாரம் பழனாத்தாவும் ரெண்டு ஆளும் கயித்தப் பிடிச்சிருக்காங்க. "தூக்குங்க, தூக்குங்க, அது பழைய கயிறு, நான் சொன்னது பொய்"னு கத்தினா. ஒரு இழு, நறநறன்னுச்சு. ரெண்டாவது இழு, டப்புன்னு ஒரு புரி போச்சு. மூணாவது இழுப்புல அவரு கிணத்து விளிம்புக் கல்லுக்கட்ட எட்டிப் பிடிச்சாரு, கயிறு அந்து தண்ணியில சளக்குன்னு விழுந்துச்சு.

பழனாத்தா திரும்பி பூவாத்தா தோளப் பிடிச்சா. "எமன், எருமைன்னு நீ கூவுறப்ப நான் காது குடுத்ததே இல்ல. ஆள் இறங்கலாம்னியே, அத நம்பித்தான புள்ள இவர இறக்கினேன்"னா.

காளியண்ணன் மூச்சு வாங்கிக்கிட்டே, "இதே கயித்த வேற யாரு வாங்கினா?"ன்னு கேட்டாரு.

"இன்னொருத்தருங்கண்ணா. எந்த ஊருன்னு தெரியாது."

அப்புறம் அவ ஊர் ஊராக் கூவிக்கிட்டே போனா. "சந்தையில கயிறு வாங்கினவரே, கிணத்துல இறங்கிராதீங்க, நான் பொய் சொல்லிட்டேன்." மொத ஊர்ல நாய்தான் குலைச்சுது. ரெண்டாவது ஊர்ல பைத்தியம்னாங்க. தொண்ட கட்டிப் போச்சு, கால் எரியுது.

"கெடச்சாரா?"

மூணாவது ஊர்ல, ரெண்டு வேப்பமரத்துக்கு நடுவுல அந்தக் கயித்தக் கட்டி வேட்டி காயப் போட்டிருந்தாங்க. பூவாத்தா அந்த ஈர வேட்டியப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே உக்காந்து அழுதா.

கதைய மடிச்சு வெச்சாச்சு, நீ கண்ண மூடு.