பொம்மையின் முதுகில் நாலு கிளிப்

ஊர் பேர் எதற்கு? பேருந்து நிலையத்துக்கு எதிரே பெரிய ஜவுளிக்கடை இல்லாத ஊர் உண்டா? அப்படி ஒரு கடையின் முதல் மாடியில், லிஃப்ட்டை விட்டு வந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு பொம்மை நின்றது. ஒட்டடைக் கம்புக்குச் சுடிதார் மாட்டிய மாதிரி உடம்பு. அதன் முதுகுப் பக்கம், யாருக்கும் தெரியாமல், நாலு கிளிப்புகள் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு தொங்கின.

நாலில் கடைசி குட்டிக் கிளிப். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. ஆனாலும் வம்பு பேசாமல் அதற்குப் பொழுது போகாது.

அந்த வாரம் கடைக்குப் புதுப் பொம்மை ஒன்று வந்தது. அதற்கு வயிறு இருந்தது, தொடை இருந்தது. தெருவில் போகிற பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு நிறுத்தினது போல இருந்ததால் சூப்பர்வைசருக்குப் பிடிக்கவில்லை. முதல் பொம்மை போட்டிருந்த அதே மாதிரி மஞ்சள் சுடிதாரை இதற்கும் போட்டு, தூணுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

“உனக்கு இடுப்பு எங்கேடி?” என்று கேட்டது ஒல்லிப் பொம்மை.

“இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. உன்னோடது எங்க போச்சு?”

“பொறாமை! நான் எதைப் போட்டாலும் எனக்குன்னே தைச்ச மாதிரி இருக்கும்.”

குட்டிக் கிளிப்புக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “தைச்ச மாதிரியா? இங்க நாலு பேர் பல்லைக் கடிச்சிட்டுத் தொங்குறோம்.”

“உஷ்!” என்றது பெரிய கிளிப். “பிடிச்சா விடக்கூடாது, பேசவும் கூடாது. விட்ட கிளிப்பைக் குப்பையிலதான் போடுவாங்க.”

ஞாயிற்றுக்கிழமை, பிளஸ் ஒன் படிக்கிற இலக்கியா தன் அம்மாவோடு வந்தாள். அடுத்த வாரம் சித்திக்குக் கல்யாணம். ஒல்லிப் பொம்மையைப் பார்த்ததும், “இதேதான் வேணும்!” என்று நின்றுவிட்டாள்.

விற்பனைப் பெண் ஜெனிபா எல் சைஸ் எடுத்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டு வந்தபோது தோள், கை எல்லாம் பாந்தமாகவே இருந்தன. ஆனால் இலக்கியா கண்ணாடியில் தன்னைப் பார்க்கவில்லை, பின்னால் தெரிந்த பொம்மையைப் பார்த்தாள். வயிற்றை எக்கினாள். மூச்சை அடக்கினாள். எம் சைஸ் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அது கழுத்துக்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது.

“பொம்மைக்கு எப்படி இருக்கு, எனக்கு எப்படி இருக்குன்னு பாரும்மா. அரிசி மூட்டை மாதிரி. நான் கல்யாணத்துக்கே வரல.”

“என்னடி பேச்சு இது? உன் சித்தி கல்யாணம்!”

“வந்தாலும் போட்டோல நிக்க மாட்டேன்.” சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

குட்டிக் கிளிப்புக்குச் சுருக்கென்றது. “அண்ணே, பொய் சொல்றது நாம. அழறது அந்தப் பிள்ளையா?”

“வேலையைப் பாரு. குப்பைத் தொட்டி ஞாபகம் இருக்கட்டும்.”

ஞாபகம் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை மறுபடி வயிற்றை எக்கியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. போனால் போகட்டும் என்று குட்டிக் கிளிப் வாயைத் திறந்தது.

டப்! துள்ளிப்போய் இலக்கியாவின் காலடியில் விழுந்தது. ஆள் குறைந்ததும் மற்ற மூன்றும் தாங்கவில்லை. டப், டப், டப். சுடிதார் தொளதொளவென்று தொங்கியது. உள்ளே இன்னொரு பொம்மையைக் குடிவைக்கலாம்.

இலக்கியா கிளிப்பைப் பொறுக்கினாள். “இது என்னக்கா?”

ஜெனிபா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “எல்லாப் பொம்மைக்கும் மாட்டுறதுதான்மா. மாட்டலன்னா துணி நிக்காது.”

“அப்போ இந்தப் பொம்மை என்ன சைஸ்?”

“இதுக்கு ஏது சைஸ்? அந்தா, தூணுக்குப் பின்னாடி நிக்குது பாரு, அதுதான் எல். கிளிப்பே கிடையாது.”

இலக்கியா தூணைச் சுற்றிப் போய்ப் பார்த்தாள். முன்னால் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். “அம்மா, துணியும் சரியாத்தான் இருக்கு, நானும் சரியாத்தான் இருக்கேன். அந்தப் பொம்மைதான் அளவு தப்பு!”

“ஒரு வாரமா அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்,” என்றது புதுப் பொம்மை. அது கிளிப்புகளுக்கு மட்டுமே கேட்டது.

சத்தம் கேட்டு வந்த சூப்பர்வைசர் குட்டிக் கிளிப்பை அமுக்கிப் பார்த்தார். “ஸ்பிரிங் லூசாயிடுச்சு, தூக்கிப் போடு.”

“எனக்குக் குடுங்க சார்,” என்றாள் இலக்கியா.

கல்யாணத்தன்று மஞ்சள் சுடிதாரின் துப்பட்டாவை அவள் தோளில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது குட்டிக் கிளிப். அங்கே இழுத்துப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. வேடிக்கை பார்த்தால் போதும். மேடையில் சித்தி பக்கத்தில் அவள் நின்றபோது போட்டோகிராபர் கையை ஆட்டினார்.

“பாப்பா, வயித்தைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்க.”

ஐயோ, போச்சு என்று நினைத்தது கிளிப்.

“எதுக்குண்ணே?” என்றாள் இலக்கியா. “இப்பத்தான் ரெண்டு தடவை பாயசம் வாங்கிக் குடிச்சேன். அதுவும் போட்டோல வரட்டும்.”