தண்ணியில் எரிந்த அடுப்பு

மங்குனிப்பட்டிக்காரர்கள் புத்தியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது. பேச்சிமுத்து கல்யாணத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

தாலி கட்டுமுன்னே மாப்பிள்ளையும் தோழன்மாரும் பெண் வீட்டாருக்குத் தங்கள் கையால் சோறு பொங்கிப் போட வேண்டும். இது அந்த ஊர் வழக்கம். சோறு வேகாவிட்டால் பெண் கிடையாது. பேச்சிமுத்துவுக்கோ மணப்பெண் வடிவு மேல் கொள்ளை ஆசை. அன்றைக்கென்று பார்த்து அடைமழை! விறகெல்லாம் ஊறிப்போச்சு. ஊதி ஊதிக் கன்னம் வீங்கினதுதான் மிச்சம்.

சுண்ணாம்புக் காளவாசல்காரர் பரிதாபப்பட்டு ஒரு மூட்டை கல்சுண்ணாம்பு கொடுத்தார். "தொட்டியில இதைக் கொட்டித் தண்ணி ஊத்துங்க, தானாக் கொதிக்கும். நடுவுல சோத்துப் பானையை வைங்க, வெந்திரும்."

பாதி மூட்டையைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். புஸ்ஸென்று ஆவி கிளம்பித் தளதளவென்று கொதித்தது. மாமனார் பூலுடையார் வந்து பானையைத் திறந்து பார்த்தார்.

"அடேயப்பா, வெந்துட்டே! குழையுமுன்ன அடுப்பை அணைங்கலே" என்று சொல்லிவிட்டு இலை போடப் போனார்.

"தண்ணியை ஊத்தி அணைச்சிருவோமா?" என்றான் பேச்சிமுத்து.

"கூறுகெட்டவனே! தண்ணிதானலே இதுக்கு விறகு?" என்றான் தோழன் மாசானம்.

இன்னொரு தோழன் உய்க்காட்டான் தாடையைச் சொறிந்தான். "நெருப்புல எரியுற அடுப்பைத் தண்ணி அணைக்கும். அப்பத் தண்ணியில எரியுற அடுப்பை?"

"நெருப்பு!" என்று துள்ளினான் மாசானம்.

பேச்சிமுத்துவுக்குப் புல்லரித்துப்போச்சு. இப்பேர்ப்பட்ட தோழன்மார் யாருக்கு வாய்க்கும்!

பந்தலுக்குள் நனையாத வைக்கோல் ஒரு கட்டு கிடந்தது. மாட்டுத் தீனியாச்சே என்று அதுவரை யாரும் தொடவில்லை. அதைத் தொட்டியைச் சுற்றிப் பரப்பிக் கொளுத்தினார்கள். தீ பந்தலின் உள்பக்கத் துணியைப் பிடித்தது. பெண்கள் குடத்தோடு ஓடிவந்தார்கள். மூன்று பேரும் கையை விரித்து மறித்துக்கொண்டார்கள்.

"ஊத்தாதீங்க மதினி! விறகைப் போடாதீங்க!"

பந்தல் போச்சு. பாயசம் போச்சு. சோறு கரியாப் போச்சு. புருவம் பொசுங்கின பூலுடையார், "உனக்கு எம் பொண்ணு கிடையாதுலே, போ!" என்று சொல்லிவிட்டார்.

பாவம், பேச்சிமுத்துவுக்கு நெஞ்சே வெடித்துப்போச்சு. மிச்சச் சுண்ணாம்பு மூட்டை பக்கத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். ஒரு துளிக் கண்ணீர் கல்லில் விழுந்து சுர்ரென்றது.

மாசானம் அலறினான். "ஏலே, அழாத! கண்ணுல தீ! கொள்ளிக்கட்டையைக் கொண்டா, மாப்பிள்ளை கண்ணை அணைப்போம்!"

ஆளுக்கொரு கொள்ளியோடு இரண்டு பேரும் பாய, பேச்சிமுத்து எடுத்தான் ஓட்டம். வேலி தாண்டி, வயல் தாண்டி ஓடினவன், மழையில் நிரம்பித் தளும்பிய குளத்தைக் கண்டதும் அப்படியே நின்றான்.

"ஐயோ, எம்மாம் பெரிய தீ!" என்று கத்திக்கொண்டே திரும்பி, கொள்ளிக்கட்டைகளைப் பார்த்து ஓடி வந்தான்.