தொங்குபாறைப்பட்டிக்கு வந்துபோன ஆயிரம் பேர்

தொங்குபாறைப்பட்டிக்கு எப்படிப் போவது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். சொன்னால் போவீர்கள். போனால் உங்களை எண்ணுவார்கள். எண்ண ஆரம்பித்துவிட்டால் அவர்கள் லேசில் விடமாட்டார்கள்.

அந்த ஊரில் ஒரு பெரிய பாறைமேல் இன்னொரு பாறை, இப்போது விழவா அப்புறம் விழவா என்று யோசித்தபடி நிற்கிறது. அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வேனிலும் மோட்டார் சைக்கிளிலும் வருவார்கள். பாறைக்குக் கீழே நின்று, கையை உயர்த்தி, தாங்கிப் பிடிப்பதுபோல் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பாவம், இவ்வளவு தூரம் வந்து நமக்காகப் பாறையைப் பிடித்துக்கொடுக்கிறார்களே என்று ஊர்க்காரர்கள் அவர்களுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

ஊரில் எல்லாம் உண்டு. எக்ஸ்பிரஸ் பஸ் மட்டும் நிற்காது. தினமும் காலையில் வரும், புழுதியைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். இதில் யாருக்குக் கஷ்டமோ இல்லையோ, மூக்கம்மாவுக்குக் கஷ்டம். அவள் அவித்த கடலை விற்பவள். பாறையடியில் விற்றது போக மிச்சத்தைக் கூடையில் தூக்கிக்கொண்டு, நாலு மைல் நடந்து மேலக்கரட்டூர் பஸ் நிறுத்தத்துக்குப் போய் ஜன்னலோரம் விற்பாள். முப்பது வருஷ நடையில் முழங்கால் தேய்ந்துபோய்விட்டது. "அந்தப் பஸ்ஸு நம்ம ஊர்ல ஒரு நிமிஷம் நின்னா போதும், எங்க அய்யனாருக்குக் கெடா வெட்டுவேன்" என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

ஊரின் ஜனத்தொகை முந்நூற்று முப்பத்து நாலு. அதில் ஒருவருக்கு அறிவு உண்டு. அது மூக்கம்மா. மற்றவர்களை வைத்துத்தான் இந்தக் கதை.

ஒருநாள் ஜீப்பில் ஒரு சுற்றுலா ஆபீசர் வந்தார். பஞ்சாயத்துத் தலைவர் சடையாண்டி துண்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய் நின்றார்.

"மூணு மாசத்துல ஆயிரம் சுற்றுலாப் பயணிங்க வந்தாங்கன்னு கணக்குக் காட்டுங்க. எக்ஸ்பிரஸ் பஸ் இங்க நிக்க ஏற்பாடு பண்றேன். நிழற்குடையும் வரும். கூட்டம் வர்ற ஊருக்குத்தான் வசதி செஞ்சு கொடுப்பாங்க. வசதி இருக்கற ஊருக்குத்தான் கூட்டம் வரும்" என்றார் ஆபீசர்.

"அப்ப எதுங்க சார் மொதல்ல வரும்?" என்று கேட்டார் சடையாண்டி.

ஆபீசர் ஜீப்பில் ஏறிக்கொண்டார். ஏறும்போது ஒரு தாளைக் கொடுத்து, "யாரை எண்ணணும்னு இதுல இருக்கு. எல்லார் கண்ணுலயும் படற மாதிரி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரார் கஞ்சிப்பசை காய்ச்சி, பஞ்சாயத்துச் சுவரில் அதை அழுத்தி ஒட்டினார்கள்.

தாளில் இப்படி இருந்தது: 'வெளியூரிலிருந்து வந்து, தன் வீடல்லாத இடத்தில் ஓர் இரவாவது தங்குபவர் சுற்றுலாப் பயணி.'

எண்ணும் பொறுப்பு மொக்கைச்சாமிக்கு வந்தது. ஊரிலேயே பெரிய யோசனைக்காரர் அவர். யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். பாதி நேரம் அப்படியே தூங்கியும்விடுவார். ஊர் எல்லையில் உள்ள புளியமரத்தடியில் பானையோடு உட்கார்ந்தார். ஒரு ஆள் உள்ளே வந்தால் பானையில் ஒரு புளியங்கொட்டை. ஒரு ஆள் வெளியே போனால் பானையிலிருந்து ஒரு கொட்டை எடுத்துவிட வேண்டும். பொழுது சாயும்போது பானையில் எத்தனை கொட்டையோ, அத்தனை பேர் ராத்திரி தங்குகிறார்கள் என்று கணக்கு.

முதல் நாள் நாற்பது பேர் வந்தார்கள். நாற்பது பேரும் பாறையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பொழுது சாய்ந்ததும் சடையாண்டி வந்து பானையைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"ஒருத்தரும் வரலையேப்பா."

"வந்தாங்க தலைவரே. நான் பாத்தேன்."

"நீ பாத்தது இருக்கட்டும். பானை என்ன சொல்லுது?"

பானை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் இப்படியே போனது. மூக்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏப்பா சடையாண்டி, ஒருத்தரும் வரலைன்னா நான் வித்த கடலைய யாரு தின்னா?"

"தின்னவங்க போயிட்டாங்கள்லக்கா. கடலையும் போச்சு, ஆளும் போச்சு" என்றார் சடையாண்டி. அவளுக்காக அவர் வருத்தப்பட்டதும் உண்மைதான்.

எட்டாம் நாள் காலையில் ஊர்க்காரர் வீரணனுக்குப் பல்வலி. கன்னம் பணியாரமாக வீங்கியிருந்தது. மேலக்கரட்டூர் வைத்தியரிடம் கிளம்பினார். மொக்கைச்சாமி மரத்தடியில் மறித்தார்.

"நீ வெளிய போனா ஒரு கொட்டை எடுக்கணும். பானையில கொட்டை இல்ல."

"இல்லைன்னா எடுக்காத."

"எடுக்காம எப்படிப்பா விடறது? கணக்கு உதைக்கும். யாராச்சும் உள்ள வரட்டும், அவரு கொட்டைய எடுத்துட்டு ஒன்னைய விடறேன்."

அது நியாயமாகப் பட்டதால் வீரணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கென்று பார்த்து ஒரு ஈ காக்கை வரவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு வளையல்காரர் வந்தார். அதற்குள் பல் தானாகவே விழுந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் உருண்டுவிட்டது. விழுந்த பல்லுக்கும் ஒரு கொட்டை எடுக்க வேண்டுமா என்று இருட்டும்வரை பேசினார்கள். பல் திரும்பி வராது என்பதால் எடுப்பதுதான் முறை என்று முடிவானது.

இரண்டாம் மாதம் அதிர்ஷ்டம் அடித்தது. கிடை போடும் கீதாரி ஒருவர் முந்நூறு ஆடுகளோடு வந்தார். வயலுக்கு உரமாகட்டும் என்று தரிசில் ஆடுகளை அடைத்து, நாலு ராத்திரி தங்கினார். மொக்கைச்சாமி கண்ணை மூடி யோசித்துவிட்டுத் திறந்தார்.

"வெளியூர்லேர்ந்து வந்துச்சா? வந்துச்சு. ராத்திரி தங்குச்சா? தங்குச்சு. அதுக வீட்லயா தங்குச்சு? இல்ல."

"பாறையப் பாத்துச்சா?" என்று கேட்டார் சடையாண்டி. தலைவர் என்றால் எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும்.

"ரெண்டு ஆடு ஏறியே பாத்துச்சு."

நாலு ராத்திரிக்கு ஆயிரத்து இருநூறு. கீதாரியோடு சேர்த்து ஆயிரத்து இருநூற்று நாலு. ஆபீசருக்குப் போன் போட்டார்கள். "எல்லாரும் எந்த மாவட்டம்?" என்று அவர் கேட்டார். கீதாரி மட்டும் ராமநாதபுரம், மற்றவர்கள் வெள்ளாடு என்று சடையாண்டி உள்ளதை உள்ளபடி சொன்னார். போனில் "மனுஷங்கள மட்டும் எண்ணுங்க" என்று வந்தது.

மூன்றாம் மாதம் முடிய நாலு நாள்தான் பாக்கி. கீதாரி ஊரைவிட்டுப் போனபோது அவர் கொட்டையும் போய், பானையில் ஒன்றுமில்லை. மூக்கம்மா தூரத்தில் நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் சடையாண்டி ஊரைக் கூட்டினார்.

"நம்ம ஊர்ல ராத்திரி தங்கற மனுஷங்க யாருப்பா?"

"நாமதான் தலைவரே" என்றார் வீரணன்.

"நாம நம்ம வீட்லல்ல தங்கறோம்."

மொக்கைச்சாமி கண்ணைத் திறந்தார். "அடுத்தவன் வீட்ல தங்கினா?"

 இவ்வளவு எளிதான விஷயம் இத்தனை நாளாகத் தோன்றவில்லையே என்று சிலர் கண் கலங்கினார்கள்.

அன்று சாயங்காலம் முந்நூற்று முப்பத்து மூன்று பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு புளியமரத்துக்கு அப்பால் போனார்கள். மொக்கைச்சாமி கண்ணை மூடி யோசித்துக்கொண்டே நடந்ததால் கொட்டை எடுக்க விட்டுப்போனது. பிறகு வெளியூர்க்காரர்களாகத் திரும்பி வந்து, ஆளுக்கு ஒரு கொட்டை போட்டுவிட்டு, அடுத்தவர் வீட்டில் போய்த் தங்கினார்கள். மூக்கம்மா மட்டும், "போங்கப்பா, எனக்கு வேற சோலி இருக்கு" என்று தன் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

காலையில் சடையாண்டி, மொக்கைச்சாமியின் வீட்டு வாசலில் உட்கார்ந்து பல் துலக்கினார். எதிர்வீட்டிலிருந்து, அதாவது சடையாண்டியின் வீட்டிலிருந்து, மொக்கைச்சாமி வெளியே வந்தார்.

"தங்கின எடம் எப்படிங்க?" என்று விசாரித்தார் சடையாண்டி.

"எடம் பரவாயில்ல. மூட்டைப்பூச்சிதான் ஜாஸ்தி. ஒங்களுக்கு?"

"ஊறுகா நல்லா இருந்துச்சு. முடிச்சிட்டேன். ஊரு நல்ல ஊருதாங்க. ஜனங்கதான் கொஞ்சம் வெவரம் பத்தாது போல."

"எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு" என்றார் மொக்கைச்சாமி.

இப்படி மூன்று ராத்திரி. மொத்தம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது. நாலாம் நாள் ஆபீசரின் ஜீப் வந்தது. அவர் நேராகச் சடையாண்டியிடம் போனார்.

"என்ன தலைவரே, கணக்கு எங்க?"

"நான் தலைவரு இல்லைங்க சார், சுற்றுலாப் பயணி. தலைவரு வீட்ல ஒருத்தரு இருக்காரு, கேட்டுப் பாருங்க."

தலைவர் வீட்டில் இருந்த மொக்கைச்சாமி, "நானும் வெளியூருதாங்க" என்றார்.

ஆபீசர் தெருவைப் பார்த்தார். "அப்ப இந்த ஊர்க்காரங்க எத்தனை பேரு?"

"ஒருத்தர்ங்க. மூக்கம்மாக்கா. அது வீடு மாத்த மாட்டேங்குது. ஒண்ணே ஒண்ணுதான் கொறையுது சார். நீங்க ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சா ஆயிரம்" என்றார் மொக்கைச்சாமி.

ஆபீசர் பஞ்சாயத்துப் படியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்தார்.

"அந்தத் தாளோட பின்பக்கம் படிச்சீங்களா?"

"பின்பக்கம் செவுத்துக்கு, முன்பக்கம் நமக்கு சார்" என்றார் சடையாண்டி.

ஈரத்துணியால் நனைத்துத் தாளை உரித்தார்கள். பின்னால் இருந்தது: 'பகலில் வந்து பகலிலேயே திரும்புகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.'

"உண்மையிலேயே வந்தவங்கள யாராச்சும் எண்ணினீங்களா?" என்று கேட்டார் ஆபீசர்.

"எண்ணல சார். பொட்டலம் மடிச்சேன்" என்றாள் மூக்கம்மா. "எம்பது தாளு நோட்டு. பாறையடியில மட்டும் மூணு மாசத்துல பதினஞ்சு நோட்டு காலி. ஒரு தாளுக்கு ஒரு பொட்டலம். செல பேரு ரெண்டு வாங்கினாங்க, செல பேரு வாங்காமலே போனாங்க. அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு."

ஆபீசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆயிரத்து இருநூறு என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். எனக்கு அந்த ஆபீசரைப் பிடித்துப்போனது அங்கேதான். போகும்போது ஒரு வார்த்தை சொன்னார். அதைச் சொல்லாமல் போயிருக்கலாம். "வருஷா வருஷம் பாப்போம். எண்ணிக்கை மட்டும் கொறையக் கூடாது."

அடுத்த மாதம் நிழற்குடை வந்தது. ஒரு திங்கட்கிழமை எக்ஸ்பிரஸ் பஸ் முதல்முறையாக நின்றது. சடையாண்டி டிரைவருக்கு மாலை போட்டார். வீரணன் துள்ளிக்குதித்து ஏறப் போனார். மொக்கைச்சாமி அவருடைய வேட்டியைப் பிடித்தார்.

"ஏறினா ஊர்ல ஒரு ஆளு கொறையும். கொறையக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

பஸ்ஸை நிறுத்தி வைத்துக்கொண்டே பேசி முடிவெடுத்தார்கள். இந்த நிறுத்தத்தில் ஊர்க்காரர் யாரும் ஏறக் கூடாது. இறங்க மட்டும்தான் செய்யலாம். இறங்க வேண்டுமானால் வேறெங்காவது ஏறியிருக்க வேண்டும். ஆகவே மறுநாள் விடிந்ததும் முந்நூற்று முப்பத்து மூன்று பேரும் நாலு மைல் நடந்து மேலக்கரட்டூருக்குப் போனார்கள். முப்பது வருஷம் மூக்கம்மா நடந்த நடையை இப்போது ஊரே நடந்தது. அவள் மட்டும் கூடையோடு நிழற்குடையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

பஸ் வந்தது. அத்தனை பேரும் அதில் எப்படி ஏறினார்கள் என்று கேட்காதீர்கள். கண்டக்டரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒவ்வொருவராக இறங்கிக் கொட்டை போட்டு, கடலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டார்கள். சடையாண்டி கடைசியாக இறங்கித் துண்டை உதறினார்.

"ஏம்மா, நாங்க வெளியூரு. இந்த ஊர்ல பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

மூக்கம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாறை ஒண்ணு இருக்குய்யா. ஆனா அதவிட, இந்த ஊரு ஆளுங்களப் பாக்கணும். இப்படி ஆளுங்கள வேற எங்கயும் பாக்க முடியாது."

சடையாண்டி ஆர்வத்தோடு தெருவைப் பார்த்தார். ஒரு குஞ்சு குளுவான் இல்லை. வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன.

"ஒருத்தரையும் காணமேம்மா. எப்ப வருவாங்க?"

"வருவாங்க. உக்காருங்க."

இவ்வளவு தூரம் வந்துவிட்டு முக்கியமானதைப் பார்க்காமல் போவானேன் என்று முந்நூற்று முப்பத்து மூன்று பேரும் நிழற்குடையிலும் புளியமரத்தடியிலும் வரிசையாக உட்கார்ந்து, கடலையை உரித்துத் தின்றுகொண்டு காத்திருந்தார்கள். மூக்கம்மா இரண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் புதுப் பொட்டலம் மடித்து வந்தாள்.

மத்தியானம் தாண்டியதும் மொக்கைச்சாமிக்கே பொறுமை போய்விட்டது.

"வந்தவங்கள இப்படிக் காக்க வைக்கிற ஊரு எங்கங்க உருப்படப்போகுது?" என்றார்.